சோதனைக்கு முந்தின பத்து வினாடி

"வெர்ச்சுவல்பாக்ஸ் இல்லேன்னா டெஸ்ட்டு தானா ஃபெயில் ஆயிரும்லா, பெறவு எதுக்குத் தனியா ஒரு செக்கு?"

டெஸ்ட் ஓடும் முன் வெர்ச்சுவல்பாக்ஸ் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று நான் சொன்னபோது, அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. வெர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் கருவி. அந்த உள்கணினிதான் விஎம். தக்கலைக்காரர். வேலை தெரிந்தவர், எதையும் யோசிக்காமல் சொல்கிறவர் அல்ல. அதனால்தான் இந்தக் கேள்வி என்னை விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. கேட்ட உடனே நியாயமாகத்தான் பட்டது. விஎம் எழும்பவில்லை என்றால் அதற்குள் ஓட வேண்டிய டெஸ்ட்டும் ஓடாது, தோல்வி என்று சிவப்பு வரும், யாராவது போய்ப் பார்ப்பார்கள். நடுவில் இன்னொரு ஸ்கிரிப்ட் எதற்கு? எழுதுகிற ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் வருடக்கணக்கில் கட்டிக் காக்க வேண்டும், எழுதாத வரியில் பிழை வராது என்பது அவருடைய கட்சி. அதில் எனக்கு மறுப்பே கிடையாது. எனக்குத் தொண்டையில் சிக்கியது அந்தத் 'தானா' என்ற சொல்தான். ஃபெயில் ஆகும், சரி. எந்த இடத்தில் ஆகும்? என்ன சொல்லிக்கொண்டு ஆகும்? யார் தலையில் விழும்?

நாங்கள் செய்வது லினக்ஸ் சர்வர்களில் பேக்கப் எடுக்கிற மென்பொருள். அதைச் சோதிக்க ஒரு புது விஎம் எழுப்பி, மென்பொருளைப் போட்டு, பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த விஎம்மின் மின்சாரத்தைப் பிடுங்குவது போல நிறுத்தி, மறுபடி எழுப்பி, தரவு முழுசாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டாக்கரில், அதாவது நிரலை 'கன்டெய்னர்' என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவியில், இதைச் செய்ய முடியாது. கன்டெய்னர் தன்னைத் தாங்கும் இயந்திரத்தின் கெர்னலையே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியையே, பகிர்ந்துகொள்கிறது, அதைத் தனியாக பூட் செய்யவும் முடியாது, பாதியில் அணைக்கவும் முடியாது. ஆகவே விஎம்தான். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் இயந்திரம் பெரும்பாலும் தானே ஒரு விஎம். அதற்குள் இன்னொரு விஎம் ஓட்ட எல்லா இடத்திலும் விடமாட்டார்கள், விட்டாலும் வேகம் குறையும். அதனால் நாகர்கோவிலில் பார்வதிபுரம் பக்கம் இருக்கும் எங்கள் அலுவலகத்திலேயே சில பழைய டெஸ்க்டாப்களில் இந்தச் சோதனைகள் ஓடுகின்றன.

இந்த ஊரில் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஜூன் மாதம் என்னவென்று தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகப் பாய்ந்து ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நன்றாகச் சுற்றுகிற அதே நாட்களில்தான் இங்கே தென்னை மட்டை விழுந்து லைன் அறுவதும் நடக்கும். கரண்ட் போகும், யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் அதுவும் படுத்துவிடும். கரண்ட் வந்ததும் இயந்திரம் தானே எழும்பிக்கொள்ளும்படி பயாஸில் (இயங்குதளத்துக்கு முன்பே எழும்பும் அடிப்படை அமைப்பில்) வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அதில் இருக்கும் உபுண்டு லினக்ஸ் ஏற்கெனவே பின்னணியில் புதுக் கெர்னலை இறக்கி வைத்திருக்கும். இயந்திரம் அணையாத வரை பழைய கெர்னல்தான் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போய் வந்த பிறகு எழும்புவது புதுசு.

வெர்ச்சுவல்பாக்ஸுக்கு வி-பாக்ஸ்-டிரைவ் என்று கெர்னலுக்குள் போய் உட்காரும் மாட்யூல் ஒன்று உண்டு. ஒவ்வொரு கெர்னலுக்கும் அதைத் தனித்தனியாகக் கம்பைல் செய்தாக வேண்டும். அந்த வேலையைத் தானாகச் செய்யத்தான் டெல் நிறுவனத்துப் பொறியாளர்கள் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். அதற்கு அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் வேண்டும். எங்கள் இயந்திரம் ஒன்றில் ஹெடர் தொகுப்பு புதுக் கெர்னலோடு சேர்ந்து வரும்படி அமைக்கப்படவில்லை. கெர்னல் வந்தது, ஹெடர் வரவில்லை, மாட்யூல் உருவாகவில்லை. வெர்ச்சுவல்பாக்ஸ் இருந்த இடத்தில் இருந்தது. ஐகான் இருந்தது. கிளிக் செய்தால் ஜன்னல் திறந்தது. விஎம்களின் பட்டியலும் அப்படியே இருந்தது. ஒரு விஎம் கூட எழும்பாது, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் தன் முதல் பெரிய மாற்றத்தைச் சேர்த்திருந்தாள். கருங்கல் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். குடும்பத்தில் இந்த வேலைக்கு வந்த முதல் ஆள். காலையில் வந்து பார்த்தால் டெஸ்ட் மொத்தமும் சிவப்பு. பதிவில் இருந்த செய்தி, எஸ்எஸ்ஹெச் (வெளியிலிருந்து இன்னொரு இயந்திரத்துக்குள் நுழையும் வழி) இணைப்புக் கிடைக்கவில்லை, காலக்கெடு முடிந்தது என்பது. ஸ்கிரிப்ட் விஎம்மைப் பின்னணியில் எழுப்பச் சொல்லிவிட்டு, அது எழும்பியதா என்று பார்க்காமல், நேராக எஸ்எஸ்ஹெச்சுக்காகக் காத்திருக்கும்படி எழுதப்பட்டிருந்தது. அவள் செய்த மாற்றமோ இணைப்பு தொடர்பானதுதான். ஆக எல்லாம் அவளைப் பார்த்துக் கைகாட்டியது. தன் கோடை, அதாவது தான் எழுதிய நிரலை, வரிவரியாகப் பிரித்துப் பார்த்தாள், பாதியைத் திரும்ப எடுத்தாள், மறுபடி ஓட்டினாள், ஒவ்வொரு முறையும் காலக்கெடு முடியும் வரை காத்திருந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் நான் போனேன்.

"என்ன தப்புன்னு தெரியல அக்கா, எல்லாத்தையும் பழையபடி மாத்தியும் பாத்துட்டேன்" என்றாள்.

எல்லாவற்றையும் பழையபடி மாற்றியும் சிவப்பு என்றால் சிவப்புக்குக் காரணம் அவளுடைய மாற்றம் அல்ல. அனுபவம் உள்ள எவருக்கும் அந்த இடத்திலேயே பொறி தட்டியிருக்கும். அவளுக்குத் தட்டவில்லை. 'சரியாகப் பழையபடி மாற்றக்கூட எனக்குத் தெரியவில்லை போல' என்றுதான் அவள் நினைத்திருக்கிறாள். இதை அவள் பிறகு சொன்னாள்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ஒரு சரிபார்ப்பு இருக்கத்தான் செய்தது. வெர்ச்சுவல்பாக்ஸின் மேலாண்மைக் கட்டளையை அழைத்து அதன் பதிப்பு எண்ணைக் கேட்பது, கட்டளை பூஜ்யத்தோடு (பிழை இல்லை என்பதற்கான எண்) முடிந்தால் எல்லாம் சரி என்று மேலே போவது. அந்த வரியைக் கையால் அடித்துப் பார்க்கச் சொன்னேன். அடித்தாள். திரையில் முதலில் ஓர் எச்சரிக்கை வந்தது: வி-பாக்ஸ்-டிரைவ் மாட்யூல் ஏற்றப்படவில்லை, இப்போது ஓடும் கெர்னலுக்கான மாட்யூல் இல்லை அல்லது ஏற முடியவில்லை, இதைச் சரிசெய்யும் வரை விஎம் எதையும் தொடங்க முடியாது. அதற்குக் கீழே, கடைசி வரியில், பதிப்பு எண். 7 என்று தொடங்கும் அந்த எண் எந்தச் சேதமும் இல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. கட்டளை எந்த எண்ணோடு முடிந்தது என்று கேட்டோம். பூஜ்யம்.

ஆக அந்த நிரலுக்கு விஷயம் தெரிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லவும் செய்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும், ஒவ்வொரு காலையிலும், தெளிவான சொற்களில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எங்கள் சரிபார்ப்புதான் அந்த வெளியீட்டை முழுசாகத் தூக்கிப் போட்டுவிட்டு, முடிவில் வந்த பூஜ்யத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நகர்ந்தது. அவள் அந்த எச்சரிக்கையை விரலை வைத்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள். "அப்போ இது என் கோடு இல்லியா அக்கா?" என்று கேட்டாள்.

அவள் முகத்தில் அப்போது வந்த நிம்மதி எனக்குச் சந்தோஷத்தைத் தரவில்லை, கோபத்தைத் தந்தது. வீணாய்ப் போன மணி நேரங்களை ஈடுகட்டிவிடலாம். ஒரு பெண் தனக்கு இந்த வேலை வராதோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை எதைக் கொண்டு ஈடுகட்டுவது?

சிவப்பு எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. மூத்தவர் சிவப்பைப் பார்த்தால் முதலில் இயந்திரத்தைச் சந்தேகப்படுவார். ஏற்கெனவே பலமுறை பட்டிருக்கிறார், அதனால் அவர் கண் தானாக அங்கே போகும். புதிதாக வந்தவர் தன்னைத்தான் சந்தேகப்படுவார். 'தானா ஃபெயில் ஆகும்' என்று சொல்கிறவர் அந்தச் செலவைத் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை. குழுவில் யாருக்கு அனுபவம் குறைவோ அவரிடமிருந்து எடுக்கிறோம். இதை நான் அந்த மூத்தவரிடம் நேராகவே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரிதான்" என்றார். ஆனால் விவாதம் அதோடு முடியவில்லை.

'வெற்றிகரமாக நிறுவப்பட்டது'

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் எனக்குக் கல்லூரி லேப்தான் நினைவுக்கு வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தில் கிளவுட் கம்ப்யூட்டிங் லேபின் முதல் பயிற்சியே வெர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேரை விண்டோஸ் மேல் நிறுவி அதில் வேறு இயங்குதளங்களை ஏற்றுவதுதான். இரண்டாவது, அந்த விஎம்முக்குள் சி கம்பைலர் போட்டுச் சிறிய நிரல்களை ஓட்டுவது. நல்ல பயிற்சிகள். ஆனால் நம்மூரில் ரெக்கார்டு நோட்டு எழுதிய எல்லாருக்கும் தெரியும், 'ரிசல்ட்' என்ற தலைப்பின் கீழ் வரும் வாக்கியம் பயிற்சி ஓடுவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கும். இவ்வாறு இன்னது வெற்றிகரமாக நிறுவப்பட்டது என்று. நிறுவல் முடிந்ததும் வருகிற 'ஃபினிஷ்' பொத்தானின் படம் ஒன்றை ஒட்டினால் போதும். அதற்குப் பிறகு விஎம் எழும்பியதா என்று கேட்க வகுப்பில் நேரம் இருப்பதில்லை.

எங்கள் குழுவின் அந்தப் பெண் தன் கல்லூரியில் நடந்ததைச் சொன்னாள். கல்லூரிப் பெயர் வேண்டாம், எங்கும் நடப்பதுதான். செய்முறைத் தேர்வன்று அவளுக்குக் கிடைத்த இயந்திரத்தில் வெர்ச்சுவல்பாக்ஸ் இருந்தது. புது விஎம் உருவாக்கப் போனால் இயங்குதளப் பட்டியலில் 32 பிட் வகைகள் மட்டுமே வந்தன. 64 பிட் உபுண்டு என்ற வரியே இல்லை. பக்கத்து இயந்திரத்தில் இருந்தது. விஎம் ஓட்ட இன்டெல் சிப்பில் இருக்கும் விடி-எக்ஸ் என்ற வசதி பயாஸில் அணைந்து கிடந்தால் அப்போதைய வெர்ச்சுவல்பாக்ஸ் அப்படித்தான் காட்டும். அவளுக்கு அது எப்படித் தெரியும்? தவறான கோப்பை எடுத்துவிட்டோமோ என்று தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டிருந்தார்கள், அது தெரிந்தவர் அன்று அங்கே இல்லை. இந்த மாவட்டத்தில் எத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன, எத்தனை பிள்ளைகள் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் கடையில் வாங்கிய பழைய லேப்டாப்பில் இதே பயிற்சியை வீட்டில் செய்து பார்க்கிறார்கள்! கம்பெனிகள் கழித்துவிட்ட அந்த லேப்டாப்களில் பலவற்றில் விடி-எக்ஸ் அணைந்தே வரும். ஒரு பொத்தான் மாற்றினால் தீர்கிற விஷயம். அது தெரியாமல் 'என் லேப்டாப்புக்கு இதெல்லாம் ஓடாது' என்று விட்டவர்களையும், 'எனக்கு இதெல்லாம் வராது' என்று விட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

எத்தனை படி இறங்கினால் தரை?

'சரியாக நிறுவப்பட்டிருக்கிறதா' என்பது ஒற்றைக் கேள்வி போலத் தெரிகிறது. உள்ளே போனால் அடுக்கடுக்காக இருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டரில் விளக்கு எரிவதை வைத்து மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்லிவிட முடியாதல்லவா, அதே கதைதான்.

அடியில் சிப். எக்ஸ்86 சிப்களில் விஎம்முக்கான வன்பொருள் ஆதரவை இன்டெல் 2005 நவம்பரில் பெண்டியம் 4இன் இரண்டு மாடல்களோடு கொண்டுவந்தது, ஏஎம்டி 2006இல். அதற்கு முன்பு எல்லாம் மென்பொருள் வித்தைதான். வெர்ச்சுவல்பாக்ஸும் வெகுகாலம் அந்த வித்தையைக் கைவசம் வைத்திருந்தது, விடி-எக்ஸ் இல்லாவிட்டாலும் 32 பிட் விஎம்மை எப்படியோ ஓட்டிவிடும். 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்போடு அதை நீக்கிவிட்டார்கள். இப்போது வன்பொருள் ஆதரவு இல்லை என்றால் ஓட்டமே இல்லை.

சிப்புக்கு மேலே பயாஸ். சிப்பில் வசதி இருக்கிறதா என்று பார்க்க, சிபியு விவரக் கோப்பில் 'விஎம்எக்ஸ்' என்ற சொல்லைத் தேடச் சொல்லும் அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும். லினக்ஸ் 5.6க்கு முந்தைய கெர்னல்களில், பயாஸில் அணைத்து வைத்திருந்தாலும் அந்தச் சொல் அங்கே இருக்கும். ஆக அந்த அறிவுரையை நம்பிய பழைய ஸ்கிரிப்டுகள் 'ஆம்' என்று பொய் சொல்லும். அதற்கும் மேலே மாட்யூல், அதன் கதையைச் சொல்லிவிட்டேன். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இயக்கத்தில் இருந்தால் கையெழுத்திடாத மாட்யூலைக் கெர்னல் உள்ளே விடாது, அது தனித் தலைவலி. அப்புறம் அனுமதி. கேவிஎம் என்ற இன்னொரு விஎம் வசதியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: நான் டெர்மினலில் அடித்தால் ஓடுகிறது, டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற கருவி ஓட்டினால் ஓடாது. காரணம், ஜென்கின்ஸ் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அவர் கேவிஎம் குழுவில் இருக்க மாட்டார்.

எல்லாவற்றையும்விட என்னைத் திடுக்கிட வைத்தது லினக்ஸ் 6.12. கேவிஎம் என்பது லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் விஎம் வசதி, 2007இல் 2.6.20 பதிப்போடு சேர்ந்தது. பெரும்பாலான இயந்திரங்களில் பூட் ஆகும்போதே அதன் மாட்யூல் ஏறிக்கொள்ளும். முன்பெல்லாம் ஏறினாலும் சும்மா இருக்கும், யாராவது விஎம் தொடங்கினால்தான் விடி-எக்ஸைக் கையில் எடுக்கும். 6.12இலிருந்து ஏறிய உடனேயே எடுத்துக்கொள்வதை இயல்பாக மாற்றிவிட்டார்கள். விளைவு, அப்போதைய வெர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மைத் தொடங்கப் போனால் இடம் ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கிறது என்று திரும்பி வந்துவிடும். இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், சிப்பில் வசதி உண்டு. பயாஸில் திறந்திருக்கிறது. வி-பாக்ஸ்-டிரைவ் ஒழுங்காக உருவாகி ஏறியும் இருக்கிறது. பதிப்பு எண்ணைக் கேட்டால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் எண் மட்டும் சுத்தமாக வரும். இருக்கிறதா இருக்கிறதா என்று கேட்கிற எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்றே பதில் வரும். விஎம் மட்டும் எழும்பாது. பூட்டின்போது கெர்னலுக்கு ஒரு அளவுருவைக் கொடுத்தால் பழையபடி ஆகிவிடும், சிகிச்சை சின்னதுதான். ஆனால் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக டிக் அடிக்கிற சரிபார்ப்பு எதுவும் இந்த நோயைக் கண்டுபிடிக்காது. பட்டியலை எழுதும்போது இந்த நோய் உலகத்தில் இல்லை.

இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒரு தெளிவு வந்தது. அடுக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாம் சரி என்றால் உள்ளே விடுவது என்ற என் பழைய எண்ணத்தை விட்டேன். வாசலில் ஒரே வேலைதான்: ஒரு சிறிய விஎம்மை உண்மையாகவே எழுப்பு. எழும்பினால் உள்ளே போ, வேறு எதையும் கேட்காதே. எழும்பவில்லை என்றால் மட்டும் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார், எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்வதற்காக. அந்தக் கேள்விகள் காரணம் சொல்லத்தான் உதவும், அனுமதி கொடுக்க உதவாது.

எழுப்புவதற்கு ஓபன்ஸ்டாக் என்ற கிளவுட் மென்பொருள் உலகத்தில் பயன்படுத்தும் சிர்ராஸ் போன்ற குட்டி லினக்ஸ் போதும், சில பத்து எம்பிக்குள் அடங்கிவிடும். அது எழும்பி சீரியல் போர்ட்டில் எழுதுகிற வரியை வெளியிலிருந்து படித்து, வந்துவிட்டது என்றால் அணைத்துவிடலாம். எங்கள் இயந்திரங்களில் சுமார் 10 வினாடி ஆகிறது. சில விஷயங்களில் பிடிவாதமாக இருந்தேன். டெஸ்ட் எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ அதே பெயரில், எந்த வழியாக விஎம்மை எழுப்புகிறதோ அதே வழியாக இதுவும் எழுப்ப வேண்டும். விஎம் ஓட்டும் இன்னொரு மென்பொருளான கேமுவைப் பயன்படுத்தும் குழுக்களுக்கு இது இன்னும் முக்கியம். கேவிஎம் கிடைக்காவிட்டால் மென்பொருள் முறைக்கு இறங்கும்படி கேமுவை அமைத்திருந்தால், அது நிற்காமல் இறங்கிவிடும். விஎம் எழும்பும், ஆனால் பல மடங்கு மெதுவாக ஓடும், அப்புறம் எஸ்எஸ்ஹெச் காலக்கெடு முடிந்து எங்கேயோ ஒரு டெஸ்ட் சாகும். எழும்பியதா என்பதோடு எவ்வளவு நேரத்தில் எழும்பியது என்பதையும் பார்க்காவிட்டால் அது தப்பித்துவிடும். நினைவகமும் அப்படித்தான். குட்டி விஎம்முக்கு 128 எம்பி போதும், டெஸ்ட்டுக்கு 4 ஜிபி வேண்டும், ஆகவே அந்த அளவு காலியாக இருக்கிறதா என்று தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

தாண்டிப் போவது

மூத்தவர் அடுத்து வேறொரு யோசனையைச் சொன்னார். விஎம் இல்லை என்றால் அந்த டெஸ்ட்களை 'ஸ்கிப்' என்று போட்டுத் தாண்டிவிடலாம், யார் தலையிலும் சிவப்பு விழாது. இதை நான் முன்னதைவிடக் கடுமையாக எதிர்த்தேன். பைடெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் எல்லா டெஸ்ட்டையும் தாண்டிவிட்டாலும் ஓட்டம் பூஜ்யத்தோடுதான் முடியும். ஜென்கின்ஸில் பச்சை விளக்கு எரியும். பேக்கப் மென்பொருள் விற்கிறோம். மின்சாரம் போனால் தரவு பிழைக்குமா என்ற ஒரே ஒரு சோதனை பல வாரங்கள் ஓடவே இல்லை என்பதை மறைத்துக்கொண்டு ஒரு பச்சை எரியுமானால், அதை நம்பி நாங்கள் வெளியிட்டதை ஏதோ ஒரு மருத்துவமனையோ கூட்டுறவு வங்கியோ தன் சர்வரில் போட்டிருக்கும். பொய்ச் சிவப்பு ஒரு ஆளை வதைக்கும். பொய்ப் பச்சை, நமக்கு முகமே தெரியாதவர்களின் தரவைக் கொண்டுபோகும்.

ஸ்கிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்து பழைய லேப்டாப்பில் வேலை செய்கிறவருக்கு விஎம் டெஸ்ட் தாண்டிப் போகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவர் எதையுமே ஓட்ட முடியாது. டெஸ்ட்டுக்கென்றே வைத்திருக்கும் இயந்திரம் தாண்டக் கூடாது. ஆகவே அந்த இயந்திரங்களில் மட்டும் ஒரு சூழல் மாறியை வைத்தோம்: இங்கே விஎம் ஓடியே ஆக வேண்டும். பழைய கருவிகளைச் செய்தவர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள். ஆட்டோமேக்கின் சோதனை முறையில் ஒரு டெஸ்ட் 77 என்ற எண்ணோடு முடிந்தால் தாண்டப்பட்டது என்றும், 99 என்றால் சோதனைக்கான ஏற்பாடே உடைந்துவிட்டது என்றும் பொருள். தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டோடு நிற்காமல், 'சோதிக்கவே முடியவில்லை' என்பதற்கும் தனியிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அதுதான் தேவைப்பட்டது. இப்போது விஎம் எழும்பாவிட்டால் ஜென்கின்ஸில் சிவப்பும் வராது, பச்சையும் வராது, சாம்பல் நிறம் வரும், டெஸ்ட் ஒன்று கூடத் தொடங்காது.

சாம்பல் வரும்போது திரையில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடமே விட்டேன். என்ன செய்து பார்த்தோம், என்ன பதில் வந்தது, எந்த அடுக்கில் நின்றது, யாரைக் கூப்பிட வேண்டும் என்று சின்னச் சின்ன வரிகளாக எழுதினாள். எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக அவள் எழுதியது: 'டெஸ்ட் எதுவும் ஓடவில்லை. உங்கள் மாற்றத்தில் தவறு இருப்பதாக இதற்குப் பொருள் இல்லை.' கோட் ரிவ்யூவில் ஒருவர் அந்த இரண்டாவது வாக்கியம் தேவையா, முதல் வாக்கியத்திலேயே அது வந்துவிடுகிறதே என்று கேட்டார். தேவை என்று எழுதிவிட்டு ஒப்புதல் கொடுத்தேன். முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவதைத் தானாக ஊகித்துக்கொள்ள அனுபவம் வேண்டும். அது இல்லாதவருக்காகத்தான் இந்தச் செய்தியே.

மூத்தவரோடு ஒரு விஷயம் பாக்கி இருந்தது. காலையில் ஒரு தடவை சோதித்தால் போதும் என்றார் அவர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் வேண்டும் என்றேன் நான். காலையில் நன்றாக இருந்த இயந்திரம் மதியம் கரண்ட் போய் வந்த பிறகு வேறு கெர்னலோடு நிற்கும் ஊரில் இருக்கிறோம், முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு முன்னால் 10 வினாடி ஒரு பொருட்டே அல்ல என்பது என் வாதம். ஒத்துக்கொண்டார். அப்புறம் அவரே ஒன்று சொன்னார்: "எப்படியும் ஓட்டுகோம், அந்த விஎம் எழும்புக நேரத்தைக் குறிச்சு வையி. ஏறிட்டே போச்சுன்னா அதுவே ஒரு சேதிதானே." எனக்குத் தோன்றாத யோசனை, என்னுடையதைவிட நல்ல யோசனை. குறித்து வைக்கிறோம். மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு இயந்திரத்தில் அந்த எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஆரம்பித்தது. பார்த்தால் வன்தட்டில் படிப்புப் பிழைகள். டெஸ்ட் ஒன்றும் உடைவதற்கு முன்பே தட்டை மாற்றியாயிற்று.